கற்பனை ஆள் பெயரில் வேடிக்கை ரிவ்யூ எழுதலாமா?

தாழம்பூ:

வணக்கம் நண்பர்களே. ஆன்லைனில் வாங்கும் சாமான்களுக்கு என் பெயரில் இல்லாமல் ஒரு கற்பனை ஆளின் பெயரில் ரிவ்யூ எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஆள் யார் என்பதுகூட முடிவாகிவிட்டது: ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். எந்தப் பொருள் வந்தாலும் அவருக்கு அது ஒரு விடைத்தாள். குக்கர் வாங்கினால் விசிலுக்கு இவ்வளவு, கைப்பிடிக்கு இவ்வளவு என்று தனித்தனியாக மார்க் போடுவார், பெட்டியில் எழுத்துப்பிழை இருந்தால் அரை மார்க் குறைப்பார். எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பிடும்போது யாராவது ஒருவர் ரிவ்யூக்களைச் சத்தமாகப் படிப்பதும் எல்லோரும் சிரிப்பதும் வழக்கம், அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் நானும் உண்டாக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் இல்லை.

என் சந்தேகம் இதுதான். இல்லாத ஆளின் பெயரில் எழுதினால் அது போலி ரிவ்யூ ஆகிவிடுமா? யாருக்காவது இதனால் நஷ்டம் வருமா? இந்த மாதிரி எழுதிப் பழகியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ராத்திரிவாசகன்:

தாராளமாக எழுதுங்கள், நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள். 2006-இல் அமேசானில் டஸ்கன் என்ற கம்பெனியின் ஒரு கேலன் பால் விற்பனைக்கு வந்தது. பாலைப் போய் ஆன்லைனில் வாங்குவதா என்று வேடிக்கை பார்க்க வந்த ஜனங்கள் அந்தப் பக்கம் முழுக்கக் கவிதையும் கதையுமாக எழுதி நிரப்பிவிட்டார்கள்.

கற்பனை ஆளை வைத்து எழுதியதில் எனக்கு ரொம்பப் பிடித்தது மூன்று ஓநாய் டி-ஷர்ட். மூன்று ஓநாய்கள் நிலாவைப் பார்த்து ஊளையிடும் படம் போட்ட சட்டை, நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் தி மவுண்டன் கம்பெனி தயாரிப்பு. 2008 நவம்பரில் ஒரு சட்டக் கல்லூரி மாணவர் அதற்கு ரிவ்யூ எழுதினார். எழுதியது மாணவர், ஆனால் ரிவ்யூவில் பேசுகிறவர் வேறு ஆள்: பருத்த உடம்பு, டிரெய்லர் வீடு, இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வால்மார்ட்டுக்குள் நுழைந்தால் பெண்கள் மயங்கிவிடுவார்கள் என்று மனதார நம்புகிறவர். சட்டையில் குறையும் கண்டுபிடிக்கிறார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஓநாய்கள் மறைந்துவிடுகின்றனவாம், இருட்டில் ஒளிர்ந்தால் இன்னும் நன்றாக இருக்குமாம். 2009 மே மாதம் இது இணையம் எங்கும் பரவி, அந்தச் சட்டை அமேசானின் துணிப் பிரிவில் முதலிடத்துக்கே போய்விட்டது. அப்புறம் வந்தவர்கள் எல்லாம் அதே பாணியைப் பிடித்துக்கொண்டு எழுதினார்கள்.

அப்புறம் ஹட்ஸ்லர் 571 என்று ஒரு வாழைப்பழம் வெட்டும் பிளாஸ்டிக் கருவி. அதற்கு ஒருவர் சொன்ன புகார், கருவி ஒரு பக்கம் வளைந்திருக்கிறது, என் வீட்டுப் பழமெல்லாம் மறுபக்கம் வளைந்திருக்கிறது என்பது. இதைப் படித்துவிட்டு யாரும் அந்தக் கருவியை மட்டமாக நினைக்கப் போவதில்லை, புகார் சொல்கிற ஆளைப் பார்த்துத்தான் சிரிப்போம். உங்கள் வாத்தியாரும் அப்படி இருந்தால் போதும். சிரிப்பு அவர் மேல் விழட்டும்.

பிக் கம்பெனி பெண்களுக்கென்று தனியாகப் போட்ட பேனாவுக்கு 2012-இல் நடந்தது வேறு வகை. இத்தனை காலம் ஆண்கள் பேனாவோடு போராடி அவதிப்பட்ட அப்பாவிப் பெண்ணாக, மனைவி எழுதக் கற்றுவிட்டாளே என்று பதறும் கணவனாக ஆளாளுக்கு வேஷம் கட்டி எழுதினார்கள். அங்கே அடி நேராகக் கம்பெனிக்குத்தான். பெரிய கம்பெனி, அதன் யோசனையே தப்பு, அதனால் அதுவும் நியாயம் என்றே சொல்வேன்.

பித்தளைக்கடை:

எல்லோரும் சிரிப்பைப் பற்றியே பேசுவதால் விற்கிறவர்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் குத்துவிளக்கு, தூபக்கால் மாதிரி பித்தளைச் சாமான்களை ஆன்லைனில் விற்கிறேன். ஒருவர் எங்கள் விளக்கைத் தேய்த்துப் பார்த்தாராம், பூதம் வந்ததாம், ஆனால் அதற்குத் தமிழ் தெரியவில்லையாம், அதனால் ஒரு ஸ்டார். நல்ல கற்பனைதான், ஆனால் அந்த ஒரு ஸ்டார் அங்கேயேதான் நிற்கிறது. ஒன்பது பேர் ஐந்து ஸ்டார் கொடுத்த இடத்தில் பத்தாவதாக ஒன்று விழுந்தால் நேர் சராசரி 4.6. ஐயாயிரம் ரிவ்யூ உள்ள பெரிய கம்பெனிக்கு இது தூசு, எங்களுக்குத் தேடலில் பக்கம் தள்ளிப் போகிற விஷயம். அமேசான் மாதிரி தளங்கள் வெறும் சராசரி எடுப்பதில்லை, ரிவ்யூ எவ்வளவு புதியது, எழுதியவர் நிஜமாக வாங்கினாரா என்றெல்லாம் பார்த்துத்தான் கணக்கிடுகிறோம் என்கிறார்கள். பார்த்தாலும் அது நகைச்சுவை என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது.

வேடிக்கையை எழுத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் வையுங்கள், ஸ்டாரில் மட்டும் வைக்காதீர்கள். ஸ்டார் நிஜமான அபிப்பிராயமாக இருக்கட்டும். கைவினைக்காரர்கள், வீட்டில் ஊறுகாய் போட்டு விற்பவர்கள், குழுவாகச் சேர்ந்து தொழில் செய்யும் பெண்கள், இவர்கள் சாமான்களைத் தயவுசெய்து தொடவே வேண்டாம். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நுகர்வோர்பக்கம்:

சட்டப் பக்கம் எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன். அமெரிக்காவில் எஃப்.டி.சி. என்ற அரசு வர்த்தக ஆணையத்தின் போலி ரிவ்யூ விதி 2024 அக்டோபர் 21 முதல் அமலில் இருக்கிறது. இல்லாத ஆளின் பெயரிலோ, பொருளைப் பயன்படுத்தாத ஆளின் பெயரிலோ ரிவ்யூ தயாரிப்பது, விற்பது, வாங்குவது எல்லாவற்றுக்கும் அதில் தடை. ஆனால் அது பிடிக்க நினைப்பது வியாபாரம் செய்கிறவர்களை. பிரிட்டனிலும் 2025 ஏப்ரலில் இருந்து இதற்குச் சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் 2022 நவம்பரில் பி.ஐ.எஸ். என்ற அரசுத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட ஐ.எஸ். 19000 என்ற தர நிர்ணயம் உண்டு, ரிவ்யூ எழுதுகிறவர் நிஜ ஆள்தானா என்று மின்னஞ்சல், போன் வழியாகத் தளங்கள் சரிபார்க்க வேண்டும் என்கிறது. அறிவித்தபோது அதைக் கட்டாயமாக்கவில்லை.

தாழம்பூ, நீங்கள் காசு வாங்கவில்லை, விற்கிறவருக்குச் சொந்தக்காரரும் இல்லை, பொருளை வாங்கியது நீங்களே. அதனால் வெளியே தெரியும் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வது ஒன்று, புதுசாக ஒரு கணக்கையே தொடங்கி இல்லாத வாடிக்கையாளரை உண்டாக்குவது வேறொன்று. முதலாவதைச் செய்யுங்கள். பல தளங்களில் உங்கள் சொந்தக் கணக்கிலேயே பொதுப்பெயரை மாற்ற வழி இருக்கிறது. 'கணக்கு வாத்தியார்' என்று போட்டாலே இது வேஷம் என்று பார்க்கிறவருக்குப் புரிந்துவிடும், ஊர் பேர் தெரியாத நிஜ மனிதர் மாதிரி ஒரு முழுப் பெயர் வைத்தால்தான் வம்பு.

வேஷம் ஏமாற்றாக மாறினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2017-இல் லண்டனில் நடந்தது உதாரணம். டல்விச் பகுதியில் தன் வீட்டுத் தோட்டத்து ஷெட்டை உணவகம் என்று டிரிப்அட்வைசர் என்ற ரிவ்யூ தளத்தில் பதிவு செய்து, நண்பர்களை விட்டுப் பொய் ரிவ்யூ எழுதவைத்து, லண்டன் உணவகங்களிலேயே முதலிடத்துக்குக் கொண்டுவந்தார் ஒரு பத்திரிகையாளர். தளத்தின் ஓட்டையைக் காட்டத்தான் செய்தார், பிறகு அவரே வெளியில் சொல்லியும் விட்டார். ஆனாலும் இடையில் மேஜை கிடைக்குமா என்று போன் செய்தவர்களுக்கு அது பொய் என்று தெரியாதே. முகமூடி கழன்று விழுந்த கதையும் உண்டு. 2004-இல் அமேசானின் கனடா தளத்தில் ஒரு கோளாறால் ரிவ்யூ எழுதியவர்களின் நிஜப் பெயர்கள் வெளியே தெரிந்தன. தங்கள் புத்தகத்தைத் தாங்களே வேறு பெயரில் பாராட்டிய எழுத்தாளர்கள் சிலர் அதில் அகப்பட்டார்கள்.

தாழம்பூ:

எல்லோருக்கும் நன்றி, பித்தளைக்கடை அண்ணா, நீங்கள் சொன்னதைக் கட்டாயம் கடைப்பிடிப்பேன். பெரிய கம்பெனிப் பொருள், நானே வாங்கிப் பயன்படுத்தியது, ஸ்டார் நிஜம், கணக்கு என்னுடையது. முதல் ரிவ்யூ எழுதிப் பார்த்தேன், படித்துச் சொல்லுங்கள்:

"தேங்காய் துருவி. மொத்த மதிப்பெண் 100. அடி ரப்பர் கிரானைட் மேடையைக் கெட்டியாகப் பிடிக்கிறது, மொசைக் மேடையில் வழுக்குகிறது. இடத்தைப் பார்த்து ஒழுக்கத்தை மாற்றிக்கொள்ளும் மாணவனை எனக்குப் பிடிக்காது, 20-க்கு 14. கைப்பிடியை வலது கையால் சுற்றினால்தான் பல் பிடிக்கிறது, என் மனைவிக்கு இடது கைப் பழக்கம், ஆகவே அவளுக்கு மறுதேர்வு. ஒரு மூடி துருவுவதற்குள் பதினாறாம் வாய்ப்பாட்டை இரண்டு தடவை முழுசாகச் சொல்ல முடிந்தது. பேரன்தான் ஆர்டர் போட்டான், கிரேஸ் மார்க் கேட்கிறான், கிடையாது. இதைச் செய்தவர்களைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்த வேண்டும். மொத்தம் 72. தேர்ச்சி."

நாலு ஸ்டார் கொடுக்கப் போகிறேன்.

சுண்டல்:

அருமை! மொசைக் மேடை விஷயம்தான் இதில் உயிர், ஏனென்றால் அது வாங்கப் போகிறவருக்குத் தேவையான தகவல், வாத்தியாருடைய குணத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ஹரிபோ கம்பெனியின் சர்க்கரை இல்லாத கரடி மிட்டாய் ரிவ்யூக்களைத் தேடிப் படியுங்கள். சர்க்கரைக்குப் பதிலாக மால்டிட்டால் என்ற இனிப்பைச் சேர்த்த மிட்டாய், அளவுக்கு மேல் போனால் வயிற்றைக் கலக்கிவிடும். அதைத் தின்றுவிட்டுப் பட்ட பாட்டை ஆளுக்கொரு கதையாக எழுதினார்கள், எல்லாம் மிகை, ஆனால் படித்தவர்களுக்கு நிஜமான எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது. வேடிக்கை ரிவ்யூவில் நான் மதிப்பது அந்த மாதிரி எழுத்தைத்தான்.

பெஞ்சு வரியை எடுத்துவிடுங்கள். மற்ற வரிகளில் வாத்தியார் பேசுகிறார், அந்த ஒன்றில் மட்டும் நீங்கள் குதித்து வந்து திட்டுகிறீர்கள். 'கிடையாது' என்பதோடு பேரன் விஷயம் முடிவது அழகு, அதற்குப் பிறகு நேரே மொத்த மார்க் வந்தால் இன்னும் நன்றாக நிற்கும்.

ஒரே ஒரு கேள்வி. இடது கைக்காரர்களுக்குச் சரிப்படாது என்பது நிஜமா, சிரிப்புக்காகச் சேர்த்ததா? சேர்த்தது என்றால் வேண்டாம், இடது கைப் பழக்கம் உள்ள யாராவது அதை நம்பி வாங்காமல் போய்விடுவார்கள்.

தாழம்பூ:

நிஜம்தான் சுண்டல், இடது கைப் பழக்கம் எனக்கே. எப்படிச் சுற்றினாலும் பல் நழுவுகிறது, வலது கையில்தான் துருவ வேண்டியிருக்கிறது. பெஞ்சு வரியை எடுத்துவிட்டேன். நாளைக்குப் போட்டுவிட்டு இங்கே சொல்கிறேன்.