மேற்கு வெயில், உப்புத் தண்ணி: எந்தப் பூச்செடி நிற்கும்?

வாசல்தெளி:
வணக்கம். மதுரை. வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி 20 அடி நீளம், 6 அடி அகலத்தில் இடம் சும்மா கிடக்கிறது. பகல் 11 மணியிலிருந்து பொழுது சாயும்வரை வெயில். போர் தண்ணிதான், டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1,600. செம்மண். இட்லிப்பூ இரண்டு வைத்தேன்; இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. வருஷம் முழுக்க சாமிக்கு நாலு பூ கிடைக்கணும், பார்வைக்கும் நிறமாக இருக்கணும். எதை நிரந்தரமாக வைப்பது, எதைப் பருவத்துக்குப் பருவம் மாற்றுவது?

கரிசல்காடு:
நரம்பு பச்சை, நடு மஞ்சள் என்றால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுவரோரம் வீடு கட்டியபோது விழுந்த சுண்ணாம்பும் சிமென்ட்டும் அதைக் கட்டிப்போட்டுவிடும், வேர் எடுக்க முடியாது. அதனால் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) வேரில் கொட்டிப் பயனில்லை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம் போட்டு, சாயங்காலம் இலையில் தெளியுங்கள். 15 நாள் கழித்து இன்னொரு முறை. அன்னபேதி வெளிர்பச்சைக் கல்லாக இருக்கணும். பழுப்புப் பொடியாகிப் போனதை வாங்காதீர்கள், அது வெறும் துரு. கரைசலைக் கலந்த அன்றே தெளித்துவிடுங்கள்.

உண்மையைச் சொன்னால், இந்தத் தண்ணிக்கு இட்லிப்பூ போராட்டம்தான். ரோஜா பக்கம் போகவே வேண்டாம். சுவரிலிருந்து 2 அடி தள்ளி, 5 அடிக்கு ஒன்றாக நாலு குழி, ஒவ்வொன்றும் ஒன்றரை அடி நீள அகல ஆழம். காரைத்துண்டு, செங்கல் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டு, மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, குழிக்கு 200 கிராம் வேப்பம்புண்ணாக்கு. அரளி இரண்டு, நந்தியாவட்டை ஒன்று, செம்பருத்தி ஒன்று. அரளி உப்பையும் வெயிலையும் தாங்கும். ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். சின்னக் குழந்தையோ ஆடு மாடோ இருக்கும் வீடென்றால் இரண்டு அரளிக்குப் பதில் காகிதப்பூ. அது சாமிக்கு ஆகாது, நிறத்துக்கு ஆகும். காகிதப்பூவுக்குத் தினமும் தண்ணி ஊற்றினால் இலையாகத்தான் தள்ளும். மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றுங்கள்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி கட்டாயம் வரும். கொழுந்து சுருண்டு வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் அந்த நுனியை வெட்டி எறிந்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து அடியுங்கள். எறும்பு ஏறிக்கொண்டே இருந்தால் பூச்சியும் திரும்ப வரும். எறும்பைத் தடுப்பது பாதி மருந்து.

விதைப்பொட்டலம்:
முன்வரிசை 2 அடியைப் பருவச் செடிக்கு விட்டுவிடுங்கள்.

மாசி, பங்குனியில் வாடாமல்லி, ஜினியா, டேபிள் ரோஸ். வாடாமல்லி விதையை ஓர் இரவு ஊறப்போட்டு விதைத்தால் ஒரே சீராக முளைக்கும், ஓர் அடி இடைவெளி போதும். ஜினியாவை நாற்று விட்டுப் பிடுங்கி நடுவதைவிட நேரே ஊன்றுவது மேல். அரை அங்குல ஆழம். 50, 60 நாளில் பூ. இலைமேல் தண்ணி தெளித்தால் இலைப்புள்ளி நோய் விழும், வேரோரம் மட்டும் ஊற்றுங்கள். டேபிள் ரோஸுக்கு விதையே வேண்டாம், 3 அங்குலத் தண்டை ஒடித்துச் செருகினால் போதும். ஆனால் வெயில் ஏறிய பிறகுதான் விரியும், காலைப் பூஜைக்கு உதவாது.

ஆயுத பூஜைக்குத் துலுக்கச் சாமந்தி வேண்டுமென்றால் ஆனிக் கடைசியில் விதை. ஒரு மாத நாற்றை ஒன்றரை அடிக்கு ஒன்றாக நட்டு, மூன்று நாலு வாரத்தில் நடுக்குருத்தைக் கிள்ளுங்கள். பூ சில நாள் பிந்தும், பக்கக் கிளை அதிகம் வரும். பெரிய பூவுள்ள ஒட்டு ரகத்திலிருந்து விதை எடுத்து மறுவருஷம் போட்டால் தாய்ச்செடி மாதிரி வராது. பலர் விதையைக் குறை சொல்வது இதனால்தான்.

ஐப்பசி மழையில் துலுக்கச் சாமந்தி பள்ளத்தில் நின்றால் வேர் அழுகும். பாத்தியை அரை அடி உயர்த்திவிடுங்கள். கோழிக்கொண்டைக்கும் அதே உயரம் நல்லது. தானே விதை கொட்டி முளைக்கும், வேண்டாததைப் பிடுங்கினால் போதும்.

மொட்டைமாடி:
நடுவரிசைக்குக் கனகாம்பரம் வைக்கலாமே? வருஷம் முழுக்கப் பூக்குமே.

கரிசல்காடு:
அந்த இடத்தில் வேண்டாங்க. கனகாம்பரத்துக்குக் கொஞ்சம் நிழல் வேணும்; மேற்கு வெயிலோடு சுவர்ச் சூடும் சேர்ந்தால் இலை ஓரம் கருகும். வேர்முடிச்சு நூற்புழுவும் சீக்கிரம் தாக்கும். அங்கே டிசம்பர் பூ வையுங்கள். பூ முடிந்ததும் தை மாதம் ஓர் அடி உயரத்துக்கு வெட்டிவிட்டால் மறுபடி புதராகக் கட்டும். குண்டுமல்லிக்கு வெயில் பிரச்சனை இல்லை, உப்புதான் பிரச்சனை. ஆசை இருந்தால் ஒரே ஒரு செடி. நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்து, இலையை உருவிவிடுங்கள், பங்குனியில் மொட்டு.

வாசல்தெளி:
நன்றி. ஆர்ஓ மெஷினில் வெளியே போகும் தண்ணியை ஊற்றலாமா? தினமும் வீணாகிறது.

விதைப்பொட்டலம்:
கூடாது. அதில் போர் தண்ணியைவிட உப்பு அதிகம், வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். செடிக்குத் தினம் ஒரு குவளை ஊற்றுவதும் தப்பு. மேல்மண்ணே நனைந்து காய்ந்து, வெள்ளையாக உப்புப் பூக்கும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை நன்றாக இறங்கும்படி ஊற்றுங்கள். மேலே 2 அங்குலம் சருகு மூடாக்கு, தண்டைத் தொடாமல். மொட்டைமாடி மழைக்குழாயை இந்தப் பாத்திப் பக்கம் திருப்ப முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் அதுவே உப்பைக் கழுவி இறக்கிவிடும். பாத்தியின் தாழ்ந்த முனையில் தண்ணி வெளியேற ஒரு வழி மட்டும் வெட்டி வையுங்கள்.