சொந்தமாகத் தோட்டா நிரப்பினால் காசு மிச்சமாகுமா?

சுடுதளப் பயிற்சிக்காக .308 வின்செஸ்டர் தோட்டாக்களை எட்டு மாதமாக நானே மறுநிரப்பு செய்கிறேன், உரிமத்தோடுதான். ஒற்றை நிலை பிரஸ், அதாவது ஒரு தடவைக்கு ஒரு வேலை மட்டும் செய்யும் நிரப்பு கருவி. செலவு குறையும் என்று இறங்கினேன். கணக்கு நோட்டு வேறு கதை சொல்கிறது.

ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு மூன்றையும் மொத்தமாக வாங்கிப் பார்த்தேன், கொஞ்சம் குறைந்தது. திரும்பப் பயன்படுவது பித்தளைக் கூடு மட்டும்தான், மிச்சமே அதில்தான். ஆனால் ஐந்தாவது நிரப்பலிலேயே கழுத்தில் மயிரிழை போல விரிசல். அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டேன். சுட்ட கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் சைசிங் டையைச் சரிபார்த்தேன், கூட்டின் நீளத்தையும் வெட்டிச் சீராக்கினேன், பலனில்லை. அனீலிங், அதாவது கழுத்தைச் சூடாக்கிப் பித்தளையை மென்மையாக்குவது, அதை மட்டும் செய்ததில்லை. அப்புறம், மலிவுதானே என்று முன்பைவிட இரண்டு மடங்கு சுடுகிறேன், அது என் தப்பு.

அனீலிங் செய்தால், பிரஸ்ஸுக்குப் போட்ட பணத்தை எடுக்கும் அளவுக்குக் கூடுகள் தாங்குமா?