கணவருக்குப் பரிசளிக்க ஒரு சின்ன கேமரா: எதை வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் என் கணவருக்குப் பிறந்தநாள். அவருக்குத் தெரியாமல் ஒரு காம்பேக்ட் கேமரா வாங்கி வைக்க ஆசை.

தும்பி, வண்ணத்துப்பூச்சி என்றால் அவருக்கு உயிர். இப்போது போனில்தான் எடுக்கிறார். மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கையை நீட்டுவார். ஒரு சாண் தூரம் நெருங்குவதற்குள் தும்பி பறந்துவிடும். தள்ளி நின்று ஜூம் செய்தால் இறக்கையின் நரம்பெல்லாம் கலங்கிப்போகிறது. பெரிய கேமரா வேண்டாம், அது அலமாரியிலேயே தூங்கும். தினமும் கையோடு போகிற அளவில் இருக்க வேண்டும்.

தேடியதில் 1 இன்ச் சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) உள்ள இரண்டு கேமராக்கள் கண்ணில் பட்டன. சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7-இல் 24-200 மி.மீ. ஜூம் (எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்), கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரும் உண்டு. ஆனால் முழு ஜூமில் லென்ஸின் திறப்பு எஃப் 4.5 தான் (இந்த எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும்). கேனான் ஜி7எக்ஸ் மார்க் 3 முழு ஜூமிலும் எஃப் 2.8 தருகிறது, ஆனால் ஜூம் 100 மி.மீ. வரைதான், வியூஃபைண்டர் கிடையாது. நல்ல வெயிலில் திரை தெரியாமல் திணறுவாரே என்பதுதான் என் கவலை.

சரி, இவற்றை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: 200 மி.மீ.-இல் பூச்சிக்கு எவ்வளவு கிட்டே ஃபோகஸ் கிடைக்கிறது? சாயங்கால வெளிச்சத்தில் எஃப் 4.5 போதுமா? அப்புறம், ஒருவர் பயன்படுத்தியதை வாங்கலாமா? லென்ஸைக் கழற்ற முடியாத கேமராவில் உள்ளே தூசி இருந்தால் வாங்கும் முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?