மாதம் 500 ரூபாய்க்குக் கைமாறிய பள்ளத்தாக்கும் எங்கள் வியாசர்பாடியும்

எல்லைத் தகராறுகளைப் பற்றி எழுதலாம் என்றதும் இங்கே எழுதிய பலரும் கச்சத்தீவைத் தொட்டிருக்கிறீர்கள். காசிமேட்டிலும் ராயபுரத்திலும் இருப்பவர்களுக்குக் கடல் எல்லைதான் முதலில் நினைவுக்கு வரும். வியாசர்பாடியில் வளர்ந்த எனக்கு எல்லை என்றால் மணிப்பூரின் மோரே, அதைத் தாண்டினால் பர்மாவின் (இன்றைய மியான்மர்) தமு. அந்தக் கோடு எப்படி வந்தது என்பதை நம்மில் பலர் கேள்விப்பட்டதில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருந்தார். பர்மாவில் பெகு பக்கம் அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர். 1962-இல் ராணுவத் தளபதி நே வின் அங்கே ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் ஆலைகளும் அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். சேமிப்பெல்லாம் ஒரே நாளில் காகிதமாகிப்போக, தாத்தா குடும்பத்தோடு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார். வியாசர்பாடியில் வீடு கிடைத்தது. பிறகு கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் உருவானபோது அங்கே ஒரு கடையும் வைத்தார்.

அவருடைய தம்பிக்குச் சென்னை ஒட்டவில்லை. "பிறந்தது பர்மா, பேசியது பாதி பர்மியம். இங்கே வந்தால் அகதி என்கிறார்கள். திரும்பிப் போகிறேன் என்று கிளம்பிவிட்டான், கண்ணு" என்று தாத்தா சொல்வார். கப்பலுக்கு வழியில்லை. ரயிலில் அஸ்ஸாம் பக்கம் போய், அங்கிருந்து இம்பால், பிறகு மலைப்பாதையில் மோரே. தமு எட்டும் தூரத்தில் இருந்தது. பர்மிய ராணுவம் உள்ளே விடவில்லை. திரும்பவும் மனமில்லாமல் அவர் மோரேயிலேயே ஒரு குடிசை போட்டுத் தங்கிவிட்டார். அவரைப் போல் வந்து மாட்டிக்கொண்டவர்கள் பலர். மோரேயில் தமிழ்ச் சங்கமும் அங்காளபரமேஸ்வரி கோயிலும் வந்தது இவர்களால்தான்.

அவரைத் தடுத்து நிறுத்திய கோடு யார் போட்டது? இதைத் தேடிப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

மணிப்பூர் மலைகளுக்கும் பர்மாவின் சிண்ட்வின் (Chindwin) ஆற்றுக்கும் இடையே கபாவ் பள்ளத்தாக்கு இருக்கிறது. தமு அதில்தான் அடங்கும். நெல்லும் தேக்கும் விளைகிற பூமி. மணிப்பூர் மன்னர்களும் பர்மாவை ஆண்ட ஆவா மன்னர்களும் மாறிமாறி உரிமை கொண்டாடிய இடம். முதல் ஆங்கிலோ-பர்மியப் போரின்போது மணிப்பூரின் கம்பீர் சிங், கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவியோடு பர்மியர்களை விரட்டிப் பள்ளத்தாக்கைப் பிடித்தார். 1826 பிப்ரவரியில் யாண்டபோ உடன்படிக்கை கையெழுத்தானது. கம்பீர் சிங் திரும்பி வந்தால் அவரை மணிப்பூர் அரசராக ஆவா ஏற்க வேண்டும் என்று அதில் இருந்தது. மணிப்பூரின் எல்லை எது என்பது மட்டும் அதில் இல்லை. அந்த ஓட்டை எட்டு ஆண்டு வழக்கானது.

கம்பீர் சிங் எல்லை சிண்ட்வின் ஆறு வரை என்றார். ஆவா அரசவை பழைய ஏடுகளைக் காட்டி, பள்ளத்தாக்கு தன்னுடையது என்றது. ஆவாவில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஹென்றி பர்னி அந்த ஏடுகளைப் பார்த்துவிட்டு, பர்மியர் பக்கம்தான் வலுவான ஆதாரம் இருக்கிறது என்று எழுதினார். ஆவாவோடு உறவு கெடக்கூடாது என்ற கணக்கும் கம்பெனிக்கு இருந்தது. 1834 ஜனவரியில் பள்ளத்தாக்கைப் பர்மாவிடம் ஒப்படைத்தார்கள். கம்பீர் சிங் இறந்ததும் அதே மாதம்தான். மணிப்பூருக்கு ஈடாக மாதம் 500 சிக்கா ரூபாய் (அன்றைய கம்பெனி நாணயம்) தருவதாகக் கம்பெனி அதிகாரிகளான மேஜர் கிராண்டும் கேப்டன் பெம்பர்டனும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஏடுகளைப் பார்த்தார்கள், நட்பைப் பார்த்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் உழுதுகொண்டிருந்தவர்களைக் கேட்டதாக எங்கும் காணோம்.

நேருதான் கபாவைப் பர்மாவுக்குத் தாரை வார்த்தார் என்ற பேச்சு மணிப்பூரில் இன்றும் பலமாக உண்டு. அது சரியில்லை. 1834 முதல் அந்த மண் பர்மிய நிர்வாகத்தில்தான் இருக்கிறது.

சிக்கல் அதோடு தீரவும் இல்லை. புதிய எல்லை மலையின் கிழக்கு அடிவாரம் என்று எழுதிவிட்டார்கள். அடிவாரம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று யார் சொல்வது? 1881-இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜான்ஸ்டன் தலைமையில் மறுபடியும் ஒரு குழு அளந்தது. 1896-இல் மேக்ஸ்வெல் என்ற இன்னொரு அதிகாரியின் காலத்தில் மீண்டும் ஒரு முறை. மூவர் பெயரும் சேர்ந்து பெம்பர்டன்-ஜான்ஸ்டன்-மேக்ஸ்வெல் கோடு என்று நிலைத்தது. இதற்கிடையே பர்மா முழுவதும் பிரிட்டிஷார் கைக்குப் போய், 1937 வரை இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. கோடு வரைபடத்தில் இருந்தாலும் நம் ஆட்களுக்கு அது குறுக்கே நிற்கவில்லை. கப்பலேறி ரங்கூன் போனவர்கள் பர்மாவின் உள்ளூர்கள் வரை பரவினார்கள். 1942-இல் ஜப்பான் படை வந்தபோது பல்லாயிரம் பேர் தமு, பாலேல் வழியாக இம்பாலுக்கு நடந்தே தப்பினார்கள். இருபது ஆண்டு கழித்துத் தாத்தாவின் தம்பி எதிர்த்திசையில் வந்தபோது அந்த வழி அடைபட்டிருந்தது. இரு நாடுகளும் முறைப்படி எல்லை ஒப்பந்தம் செய்துகொண்டது அதற்கும் பிறகு, 1967 மார்ச் 10 அன்று.

கொரோனாவுக்கு முன் தாத்தாவின் தம்பி வீட்டுப் பேத்தியின் திருமணத்துக்கு எங்கள் தெருவிலிருந்து சிலர் மோரே போனோம். இம்பாலிலிருந்து 110 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி மலையேற்றம். அவர் அப்போது தள்ளாடும் வயதில் இருந்தார். ஆனாலும் என்னைக் கையைப் பிடித்து எல்லையின் இரண்டாம் கேட் வரை அழைத்துப் போனார். அந்தப் பக்கம் நம்பலோங் சந்தை. போர்வை, செருப்பு, பிளாஸ்டிக் சாமான் என்று குவிந்து கிடந்தது. அங்கே கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஒரு கடைக்காரப் பெண்ணிடம் அவர் பர்மியத்தில் ஏதோ கேட்க, அவள் சிரித்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டாள். வாழைத்தண்டு மிதக்கும் மொய்ஞாவை (பர்மிய மீன் சாறு நூடுல்ஸ்), பொரித்த வெங்காயமும் நொறுக்கிய வடையும் மேலே தூவித் தந்தாள். நான்கு வாய் குடித்துவிட்டு, "எங்கள் அண்ணி கைப்பக்குவம் இதைவிட நன்றாக இருக்கும்" என்றார். அண்ணி என்றது எங்கள் தெருவில் மாலை வேளையில் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) வண்டி போடும் பாட்டியை.

திரும்பும்போது எல்லைக் கல் எங்கே என்று கேட்டேன். "எந்தக் கல்லைக் கேட்கிறாய்? சில கற்கள் இருக்கும் இடத்திலேயே இரண்டு அரசுகளுக்கும் ஒத்துப்போகவில்லையே" என்றார். அவர் சொன்னது உண்மைதான். 2013-இல் மோரே அருகே ஹோலென்பாய் கிராமத்தில் மியான்மர் ராணுவம் முகாம் போட முயன்று பெரிய பிரச்சினையானது. அதே காலத்தில் இந்தியா போட்ட வேலி தங்கள் நிலத்தை வெளியே தள்ளுகிறது என்று மணிப்பூர் கிராமத்தினர் போராடினார்கள். மணிப்பூர் பகுதி எல்லை 398 கிலோமீட்டர். அதில் சில கற்களின் இடம் இன்னும் தகராறில்தான் இருக்கிறது.

2023 மே மாத மெய்தி-குக்கி கலவரத்தில் மோரே எரிந்தபோது தமிழர் வீடுகளும் தப்பவில்லை. சண்டையில் எந்தப் பக்கமும் சேராதவர்கள். பேத்தியின் குடும்பம் உயிரோடு தப்பியது. பழைய வீடு போய்விட்டது. தாத்தாவும் தம்பியும் அதைப் பார்க்க இல்லை.

வியாசர்பாடி, சத்தியமூர்த்தி நகர், பர்மா பஜார் பக்கம் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் 1942-இல் தமு வழியாக நடந்து வந்தவர்களோ, 1960-களில் மோரே வரை போய்த் திரும்பியவர்களோ இருந்தால், எந்த ஊரிலிருந்து, எந்த வழியாக, யாரோடு என்று கேட்டு இங்கே எழுதுங்கள். அதிகாரிகளின் கடிதங்கள் ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. நம் ஆட்கள் நடந்த பாதை எழுத்தில் மிகக் குறைவு, தெரிந்தவர்களுக்கோ எண்பது வயது தாண்டிவிட்டது.