புதுப்பிப்பு: சொந்த டொமைன் மின்னஞ்சல் இப்போது அனுப்பவும் முடிகிறது

சொந்த டொமைன் முகவரியைத் தண்டர்பேர்ட் மின்னஞ்சல் செயலியில் சேர்த்தேன், அஞ்சல் வருகிறது, அனுப்பினால் மட்டும் போகவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கோளாறு எஸ்எம்டிபி (அஞ்சல் அனுப்பும் முறை) போர்ட்டில், அதாவது இணைப்பு எண்ணில். நான் 25 போட்டிருந்தேன். அது சர்வர்கள் தங்களுக்குள் அஞ்சலைக் கைமாற்றிக்கொள்ளும் வழி. வீட்டு இணைப்புகளில் பல இடங்களில் அடைத்தே வைத்திருக்கிறார்கள். 587, ஸ்டார்ட்டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கும் முறை) என்று மாற்றியதும் இணைப்பு கிடைத்தது. (465 போட்டால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் தேர்ந்தெடுக்க வேண்டும்.) ஆனால் உடனே கடவுச்சொல் தவறு என்றது! ஐமேப் (அஞ்சல் பெறும் முறை) பக்கம் பயனர்பெயராக முழு முகவரி இருந்தது, எஸ்எம்டிபி பக்கம் @ குறிக்கு முந்தைய பகுதி மட்டும். இரண்டும் தனித்தனி அமைப்புகள், இரண்டையும் திறந்து பாருங்கள்.

சர்வரின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழ் பற்றி எச்சரிக்கை வந்தால், தயவுசெய்து விதிவிலக்கு கொடுத்துத் தாண்டிவிடாதீர்கள். சர்வர் பெயரில் என் டொமைனுக்குப் பதிலாக ஹோஸ்டிங் தரப்பு தந்த பெயரைப் போட்டதும் எனக்கு எச்சரிக்கை நின்றது.

ஒன்று பாக்கி: சிலருக்கு என் அஞ்சல் ஸ்பேமில் விழுகிறது. எஸ்பிஎஃப் பதிவு (என் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்) இருக்கிறது, டிகேஐஎம் (அஞ்சலில் சேரும் டிஜிட்டல் கையொப்பம்) இல்லை. இன்றிரவு டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளில் சேர்க்கிறேன்.