நித்திரையில் மூச்சு நிற்கிறது: இரவு லொறி ஓட்டும் என் கணவருக்கு என்ன செய்வது?

கொக்குவில்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இவருக்கு 46 வயது. யாழ்ப்பாணம் பாசையூரில் மீன் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள பேலியகொடைச் சந்தைக்கு இரவு லொறி ஓட்டுகிறார். வாரத்தில் நான்கு பயணம், பதினொரு வருடமாக இந்த வேலைதான். போன மாதம் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, முகம் கழுவி, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறியிருக்கிறார். மாங்குளம் வருவதற்குள் லொறி வீதியை விட்டு இறங்கிவிட்டது. உதவிக்குப் போன பையன் கத்தியதில்தான் கண் விழித்தாராம். கச்சான் சரை மடியில் அப்படியே இருந்ததாம். இவர் எனக்கு இதைச் சொல்லவில்லை. அந்தப் பையன்தான் சொன்னான்.

குறட்டை, கல்யாணம் கட்டிய நாளிலிருந்தே உண்டு. “உழைக்கிற பிள்ளை, அசந்து நித்திரை கொள்கிறான்” என்று மாமி சொல்லுவார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். பையன் சொன்ன பிறகு, இவர் வீட்டில் நிற்கும் இரவுகளில் விழித்திருந்து பார்த்தேன். குறட்டை ஏறிக்கொண்டே போய்த் திடீரென்று அறுந்துவிடுகிறது. நெஞ்சு மட்டும் அடித்துக்கொள்கிறது, மூக்கிலும் வாயிலும் காற்று இல்லை. பிறகு கிணற்றுக்குள் மூழ்கி எழும்பியவர்போல ஓர் இழுப்பு, ஒரு புரளல், மறுபடியும் குறட்டை. வெள்ளிக்கிழமை இரவு 2 மணியிலிருந்து 3 மணி வரை கைத்தொலைபேசியில் நேரம் பார்த்து எண்ணினேன். 19 தடவை. மிக நீண்டது 31 விநாடி.

காலையில் எழும்பும்போதே தலையிடி. இரவில் மூன்று தடவை சலம் கழிக்க எழும்புகிறார். சலரோகமாக இருக்குமோ என்று இரத்தம் சோதித்தோம், அது இல்லை. பிரஷருக்கு இரண்டு வகைக் குளிசை குடித்தும் 150க்குக் கீழே இறங்குவதில்லை. பகலில் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடியே தூங்கி விழுகிறார். இதற்குள், நித்திரை போதவில்லை என்று ஒரு தனியார் மருத்துவரிடம் சொல்லி நித்திரைக் குளிசையும் வாங்கி வந்துவிட்டார். குறட்டையைப் பற்றி அங்கே வாய் திறக்கவில்லை. ஒன்பது நாள் குடித்தாயிற்று. மூச்சு நிற்பது அதற்குப் பிறகு கூடியதுபோல எனக்குப் படுகிறது.

எங்கே போவது, யாரைக் கேட்பது? லொறிக்குப் போக வேண்டாம் என்றால் கோபிக்கிறார். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், லீசிங் இன்னும் முடியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லியடியில் இருந்து ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

தங்கச்சி, 32 வருடம் இரவு வாட்டுகளில் நின்றவள் சொல்லுகிறேன். நீங்கள் பார்த்தது வீண் பயம் இல்லை. நோயாளியின் வாயிலிருந்து ஒருநாளும் வராத செய்தியை நீங்கள் எண்ணி எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் படுப்பவர் சொல்லாவிட்டால் இந்த வருத்தம் பல வருடங்கள் பிடிபடாமலே போகும்.

முதலில் அந்தக் குளிசை. நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடியும், மேல்வாயின் பின்பக்கத்து மென்மையான பகுதியான மென்னண்ணமும் பின்னால் சரிந்து காற்றுப் பாதையை அடைத்துவிடும். நெஞ்சு இழுக்கிறது, காற்று போகவில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கியதும் மூளை ஒரு கணம் விழித்துத் தசையை இறுக்குகிறது. நீங்கள் கேட்ட அந்த இழுப்பு அதுதான். பல நித்திரைக் குளிசைகள் தசையை இன்னும் தளர்த்தி, மூளையின் அந்த விழிப்பையும் மழுக்கிவிடும். சாராயமும் அதையேதான் செய்யும். ஆகவே குளிசையின் அட்டையை எடுத்துக்கொண்டு, தந்த மருத்துவரிடமே நாளைக்கே போய், நீங்கள் எங்களுக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். மாதக்கணக்காகக் குடிப்பவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாத குளிசைகளும் உண்டு. அதனால் எப்படி நிறுத்துவது என்பதை அவரே சொல்லட்டும்.

இதற்கு நித்திரை மூச்சுத்தடை என்று பெயர். பத்து விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. மூச்சு முழுதாக நிற்காமல் குறைந்து ஒட்சிசன் இறங்குவதையும் சேர்த்து, மணிக்கு 5க்கு மேல் போனால் நோய், 15க்கு மேல் நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. நீங்கள் எண்ணிய 19 முழு நிறுத்தங்கள் மட்டும்தான். உண்மை எண்ணிக்கை அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். காலைத் தலையிடி, இரவில் சலம், குளிசைக்கு மசியாத பிரஷர், பகல் தூக்கம், எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள்.

இன்றிரவே அவருடைய முகமும் நெஞ்சும் தெரிய ஐந்து நிமிடம் வீடியோ எடுங்கள். கிளினிக்கில் உங்களுடைய வாயைவிட அது நன்றாகப் பேசும். அளவு நாடாவால் கழுத்தைச் சுற்றிப் பாருங்கள். 40 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மெல்பேர்ணில் மரே ஜோன்ஸ் என்ற மருத்துவர் 1991 இல் வெளியிட்ட எட்டுக் கேள்விகள் இருக்கின்றன. வாசிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கும்போது, நெரிசலில் வாகனம் சற்று நிற்கும்போது என்று ஒவ்வொன்றுக்கும் தூங்கிவிடும் வாய்ப்பைப் 0 முதல் 3 வரை கணக்கிட வேண்டும். மொத்தம் 24 இல் 10க்கு மேல் வந்தால் மிதமிஞ்சிய பகல் தூக்கம். அவரோடு சேர்ந்திருந்து நீங்களும் விடை சொல்லுங்கள். ஆண்கள் குறைத்துத்தான் சொல்லுவார்கள்.

பிறகு குடும்ப மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போதனா வைத்தியசாலையின் காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்கோ நெஞ்சு நோய் கிளினிக்குக்கோ போங்கள். ஓர் இரவு கருவி பொருத்தி மூச்சையும் ஒட்சிசனையும் பதிவு செய்யும் சோதனையை எங்கே செய்யலாம் என்று அவர்கள் வழி காட்டுவார்கள். தைரோயிட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அதுவரைக்கும் இரவு லொறி வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. மூச்சுத்தடை உள்ள சாரதிக்கு விபத்து வாய்ப்பு இரு மடங்குக்கு மேல். கண்ணாடியை இறக்குவதும் பாட்டைக் கூட்டுவதும் அந்தத் தூக்கத்தை நிறுத்தாது. முறிகண்டியில் கழுவிய முகம் மாங்குளம் வரைக்கும் வரவில்லை, பார்த்தீர்கள்தானே. லீசிங் தவணையைத் தள்ளிப்போடப் பேசலாம்.

தென்மராட்சியான் எழுதியது:

அக்கா, நான் ஐந்து வருடமாக மூச்சு இயந்திரம் போட்டுத்தான் படுக்கிறேன். முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டை மூடாமல் பிடித்துக்கொள்ளும். சிட்னியில் கொலின் சலிவன் என்ற மருத்துவர் 1981 இல் வெளியிட்ட முறை. குணப்படுத்தாது, போட்டுக்கொண்டு படுக்கும் இரவுக்கு மட்டும் காக்கும்.

முதல் இரண்டு கிழமை மூச்சு முட்டுவதுபோல இருக்கும். மாலையில் விழித்திருக்கும்போது அரை மணித்தியாலம் போட்டுப் பழகச் சொல்லுங்கள். முகமூடி அளவு சரியில்லாவிட்டால் கண்ணுக்குள் காற்று அடிக்கும், அளவை மாற்றுங்கள், விட்டுவிட வேண்டாம். எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புத் தன்மை கொண்டது, ஈரப்பதத் தொட்டிக்குள் விட்டால் படிந்துவிடும். காய்ச்சி வடித்த நீர் வாங்குங்கள். 2022 இல் மின்வெட்டுக் காலத்தில் நான் பட்ட பாட்டில் ஒரு பற்றரி வாங்கி வைத்தேன், அதையும் யோசியுங்கள்.

கனடாவில் இருந்து யாராவது பழைய இயந்திரம் அனுப்பினால் அப்படியே போட்டுவிடாதீர்கள். அழுத்தம் ஆளுக்கு ஆள் வேறு, மருத்துவர் சொல்லும் அளவுக்கு மாற்ற வேண்டும். 2021 இல் ஒரு பெரிய நிறுவனம், உள்ளே இருக்கும் ஒலியடக்கும் நுரை சிதைகிறது என்று ஏராளமான இயந்திரங்களைத் திருப்பி அழைத்தது. வந்த இயந்திரம் அதில் ஒன்றா என்று அதன் இலக்கத்தைச் சரிபாருங்கள்.

எடையும் முக்கியம். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மூச்சு நிற்பது ஏறக்குறைய கால்வாசி குறையும். நான் ஒன்பது கிலோ குறைத்தேன். பக்கவாட்டில் படுப்பதும் உதவும்.

மானிப்பாயில் இருந்து ஒருவர் எழுதியது:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்குக் குறட்டை இல்லை. படுத்ததும் கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊருவதுபோல இருக்கிறதாம். எழும்பி முற்றத்தில் நடந்தால்தான் சுகம். விடிய ஒரு மணி வரை நடக்கிறார். நரம்புத் தளர்ச்சி என்று தைலம் தேய்க்கிறோம்.

நெல்லியடித் தாதி:

அது அமைதியற்ற கால் என்ற தனி வருத்தம், தம்பி. ஓய்வில் தொடங்கும், நடந்தால் விடும், மாலைக்குப் பிறகு கூடும். சுவீடன் மருத்துவர் எக்பொம் 1945 இல் விரிவாக எழுதினார். இரும்புச்சத்துக் குறைவு ஒரு பெரிய காரணம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடலில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற சோதனையைக் கேளுங்கள். 75க்குக் கீழே இருந்தால் பொதுவாக இரும்பு கொடுப்பார்கள். இரும்புக் குளிசையைத் தேத்தண்ணீரோடு கொடுக்க வேண்டாம், தேசிக்காய்ச் சாறோடு கொடுங்கள். சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வாமைக்கும் தடிமனுக்கும் கொடுக்கும் தூக்கக் குளிசைகள் சில இதைக் கூட்டும்.

கொக்குவில்காரி, நான்கு மாதம் கழித்து எழுதியது:

பதில் சொன்ன எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். வீடியோவைப் பார்த்தவுடன் கிளினிக் மருத்துவர் வேறு கேள்வி கேட்கவில்லை, சோதனைக்கு எழுதினார். கொழும்பில் ஓர் இரவு செய்தோம். மணிக்கு 34 தடவை, ஒட்சிசன் 71 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் இவர் வாயடைத்து இருந்தார்.

சீட்டைக் கழித்து இயந்திரம் வாங்கினோம். முதல் கிழமை முகமூடியைக் கழற்றிச் சுவரோடு எறிந்தார். தென்மராட்சித் தம்பி சொன்னபடி மாலையில் போட்டுப் பழக்கினேன். மூக்கை மட்டும் மூடும் சின்னது அவருக்குப் பொருந்தியது. இப்போது ஐந்து மணித்தியாலமாவது போட்டுப் படுக்கிறார். சலத்துக்கு ஒரு தடவைதான் எழும்புகிறார். காலைத் தலையிடி இல்லை. பிரஷர் போன கிளினிக்கில் 134.

மாமி மட்டும் அந்தக் குழாயைப் பார்த்து அழுதார், ஆஸ்பத்திரியில் கடைசியாக மாமாவுக்குப் போட்டது நினைவு வந்ததாம். ஒரு நாள் முகமூடியை அவருடைய கையில் கொடுத்து, வெறும் காற்றுத்தான் என்று காட்டினேன். அதன் பிறகு சரி.

இப்போது லொறி பகலில் வவுனியா வரை மரக்கறிக்கு ஓடுகிறது. வருமானம் குறைவுதான், லீசிங் தவணையைக் குறைத்துக் கட்டப் பேசியிருக்கிறோம். அடுத்த கிளினிக் 14ஆம் திகதி. மருத்துவர் சரி என்று எழுதித் தரும் வரை இரவு ஓட்டம் இல்லை என்று மீன் முதலாளியிடம் இவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.