வடக்குத் தெரு வீடு குழு: கோயிலில் கேட்ட அந்த ‘ங்ங்ங்’

புதன், இரவு

மேரி: சாம், நேற்று ரிகர்சலில் கோயில் ஸ்பீக்கரில் ங்ங்ங் என்று ஒரு சத்தம் வந்ததே, அது என்ன? வயரிங் போய்விட்டதா என்று சர்ச் ஐயர் என்னைக் கேட்கிறார்.

ரூபி: நான் ஜெனரேட்டர் என்று நினைத்தேன் மதினி

தாமஸ்: ஜெனரேட்டருக்கு யார் பணம் கொடுத்தது என்று மறுபடி ஆரம்பிக்க வேண்டாம்

ரூபி: நான் எங்கே ஆரம்பித்தேன்

சாம்: அத்தை, அது என் பெடல். பேஸ் கிட்டார் சிக்னலைப் பெரிதாக்க நானே செய்த பிரீஆம்ப் டப்பா. சனிக்கிழமை தாத்தா பாட்டி பொன்விழாவுக்குள் சரிசெய்து விடுவேன்.

மேரி: பெடலா? சைக்கிள் பெடலா?

பிரின்சி: அம்மா 😂

எட்வின்: சாம், பொறுமையாகப் படி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்த காலமெல்லாம் லைனில் இரைச்சல் தேடியவன் நான். ‘சத்தம் வருகிறது’ என்று மொட்டையாகச் சொன்னால் ஒன்றும் பிடிபடாது. என்ன சத்தம்? நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 50-இல் உறுமினால் பெரும்பாலும் எர்த் லூப், அதாவது இரண்டு வழியாக எர்த் ஆகிச் சுற்றுகிறது, இல்லையென்றால் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் வயர் போகிறது. அடாப்டருக்குள் ஏசியை டிசியாக்குகிற நான்கு டையோடு தாண்டியதும் அது 100 ஆகிவிடும். ஆகவே 100-இல் உறுமினால் டிசி சுத்தமில்லை, ரிப்பிள் என்கிற மிச்ச அலை வருகிறது என்று அர்த்தம். உன் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். அந்தக் கம்பியிலேயே மூன்றாவது கட்டத்தை அமுக்கினால் ஜி, 49. அதாவது கரண்ட் கம்பமே உன்னோடு சேர்ந்து ஜி வாசிக்கிறது. அந்த 50 ஹெர்ட்ஸை வெட்டி எறியலாம் என்று பார்த்தால் உன் வாசிப்பும் சேர்ந்து போகும். பிறக்கிற இடத்திலேயே பிடிக்க வேண்டும்.

ரூபி: வேன் எத்தனை மணிக்கு அத்தான்?

எட்வின்: ரூபி, அது அப்புறம்.

டேவிட் துபாய்: டாடி, அவன் ஒரு வரிதான் எழுதினான்

சாம்: பெரியப்பா, இரண்டு சத்தம் இருக்கிறது. ஒன்று ங்ங். இன்னொன்று மெல்லிசாக கீ என்று ஒரு விசில்.

எட்வின்: விசிலா? நானும் நேற்று முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். விசில் எதுவும் இல்லை.

பிரின்சி: இருந்தது மாமா. காதைக் குடைந்தது.

எட்வின்: இல்லை.

தாமஸ்: எனக்கும் கேட்கவில்லை

டேவிட் துபாய்: இரண்டு பேர் வயதையும் கூட்டிப் பாருங்கள்

ஸ்டெல்லா: டேவிட், நேரில் வராதவனுக்கு வாய் வேண்டாம்.

டேவிட் துபாய்: அம்மா, லீவு கிடைக்கவில்லை என்று எத்தனை தடவை சொல்வது

எட்வின்: சாம், மூன்று காரியம் செய். ஒன்று, பேஸ் கேபிளைப் பெடலிலிருந்து பிடுங்கு. சத்தம் நின்றால் குற்றம் கிட்டாரில், பெடலில் இல்லை. இரண்டு, அடாப்டரைக் கழற்றி 9 வோல்ட் பேட்டரி போடு. மூன்று, பெடலைத் திறந்து உள்ளே தெரிகிற மாதிரி போட்டோ அனுப்பு. இந்த வரிசை மாறக் கூடாது.

தாமஸ்: அத்தான், எளிதான வழி இருக்கிறது. ஆம்ப் பிளக்கில் அந்தப் பெரிய மூன்றாவது பின்னை உடைத்துவிட்டால் ஹம் போய்விடும். எங்கள் ஊர் மைக் செட்காரர் அப்படித்தான் செய்வார்.

எட்வின்: தாமஸ், அந்தப் பின் சத்தத்துக்காக வைத்ததல்ல, உயிருக்காக வைத்தது. ஆம்பில் லீக்கேஜ் இருந்தால் கிட்டார் கம்பி வரை கரண்ட் வந்து நிற்கும். இவன் கம்பியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் வாயை வைப்பான். எர்த் லூப்பை உடைக்க வேண்டுமானால் கிட்டாரை மிக்ஸரோடு இணைக்கிற டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதைத் தள்ளினால் போதும். அது சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும்தான் பிரிக்கும். பின்னை உடைக்கும் பேச்சு இந்தக் குழுவில் இனி வரக் கூடாது.

தாமஸ்: சரி சரி

மேரி: அண்ணன், அவர் சும்மாதான் சொன்னார்.

ரூபி: எல்லாருக்கும் மெரூன் சேலையா, பச்சையா? கடையில் பிடித்து வைத்திருக்கிறேன்

ஸ்டெல்லா: மெரூன்

மேரி: பச்சை என்றுதானே பேசினோம்?

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

சாம்: பார்த்துவிட்டேன் பெரியப்பா. கேபிளைப் பிடுங்கினாலும் ங்ங் நிற்கவில்லை. பேட்டரி போட்டால் ங்ங் சுத்தமாக இல்லை. விசிலை வீட்டு ஆம்பில் சொல்ல முடியவில்லை. ஹெட்போனில் கேட்டால் பேட்டரியிலும் இருக்கிறது.

எட்வின்: ஆக, கிட்டார் நிரபராதி. ங்ங் அடாப்டர் வழியாக வருகிறது. எந்த அடாப்டர்?

சாம்: பிரின்சியின் கீபோர்டு அடாப்டர். கோயிலில் ஒரு பிளக்தான் காலி. அதிலிருந்தே இரண்டாகப் பிரித்து எடுத்தேன்.

பிரின்சி: என்ன??

பிரின்சி: என்னிடம் கேட்கவே இல்லை

சாம்: நீ ஆல்டோ பாடிக்கொண்டிருந்தாய்

எட்வின்: அந்த அடாப்டர் செங்கல் மாதிரி கனமாக இருக்குமா, லேசாக இருக்குமா?

பிரின்சி: கனம் மாமா. சூடாகும்.

எட்வின்: உள்ளே டிரான்ஸ்பார்மர், நான்கு டையோடு, ஒரு கண்டன்சர். வேறு ஒன்றும் இருக்காது. வோல்ட்டேஜை நிலையாகப் பிடித்து வைக்க ரெகுலேட்டர் கிடையாது. 9 வோல்ட் என்று எழுதியிருப்பது முழு லோடில் கிடைப்பது. கீபோர்டு இழுத்துக்கொண்டிருக்கும்வரை ஒன்பது, ஒன்பதரை. கீபோர்டை அணைத்தால் 12-க்கு மேலே போய் நிற்கும். மீட்டர் வைத்துப் பார்.

சாம்: ஐயோ

சாம்: போன ஞாயிறு ரிகர்சல் முடிந்ததும் முதல் ஐசி புகைந்தது இதனால்தான்

பிரின்சி: நான் கீபோர்டை ஆஃப் செய்ததால் உன் ஐசி போனதா? பழியை என் மேல் போடு

சாம்: போடவில்லை. அந்த ஐசிக்குப் பத்து வோல்ட்தான் எல்லை.

எட்வின்: எந்த ஐசி? பிரீஆம்புக்கு டிஎல்072 தானே? அது 36 வோல்ட் வரை தாங்குமே.

சாம்: அது இல்லை பெரியப்பா. 9 வோல்ட்டை இரண்டு மடங்காக்க ஒரு 7660 ஐசி போட்டிருக்கிறேன். கம்பியைக் கட்டைவிரலால் ஸ்லாப் அடிக்கும்போது சத்தம் உடையக் கூடாது என்று.

எட்வின்: அடடா. முதலிலேயே சொல்ல வேண்டாமா?

பிரின்சி: விசில் அதுதான்!! நேற்று ரிகர்சலை போனில் பதிவு செய்தேன். இப்போது ஸ்பெக்ட்ரம் ஆப்பில் போட்டுப் பார்த்தேன். பத்தாயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒற்றைக் கோடு குத்திட்டு நிற்கிறது. 7660 உள்ளே ஆடுவதும் பத்தாயிரத்தில்தான்.

பிரின்சி: வீட்டு ஆம்பில் கீச்சொலிக்கான ட்வீட்டர் இல்லை, அதனால் தெரியவில்லை. கோயில் ஸ்பீக்கரில் ஹார்ன் இருக்கிறது.

எட்வின்: அந்தப் பதிவை அனுப்பு.

(பிரின்சி: குரல் பதிவு 0:38)

எட்வின்: கேட்டேன். ங்ங் மட்டும்தான் இருக்கிறது.

டேவிட் துபாய்: எனக்கு விசில் நன்றாகக் கேட்கிறது டாடி

ரூபி: எனக்கும்

ஸ்டெல்லா: எனக்குக் கேட்கவில்லை. அத்தைக்கும் போட்டுக் காட்டினேன், மாடு கத்துகிறதா என்று கேட்கிறார்கள்.

எட்வின்: சரி. கோடு இருக்கிறது என்றால் இருக்கிறது. மீட்டர் பொய் சொல்லாது. போட்டோ எங்கே?

(சாம்: படம்)

மேரி: ஒரு நிமிஷம்

மேரி: அது எவர்சில்வர் சம்படம்தானே?

சாம்: ஆமாம் அத்தை. உலோகமாக இருந்தால் வெளி இரைச்சல் உள்ளே வராது. அலுமினியப் பெட்டி விலை அதிகம்.

மேரி: மூடியில் பெயர் வெட்டியிருக்கிறது. பெரிதாக்கிப் பார்.

ரூபி: “ஞா. கிரேஸ்”

ஸ்டெல்லா: சாம்!! அத்தை கல்யாணச் சீர்ப் பாத்திரம் அது. இரண்டு மாதமாகத் தேடுகிறோம். வேலைக்கு வந்த பிள்ளையைக்கூடக் கேட்டுவிட்டேன்.

மேரி: அதுவும் பொன்விழாவுக்கு

தாமஸ்: நாலு ஓட்டை வேறு போட்டிருக்கிறான்

சாம்: ஆறு மாமா

ஸ்டெல்லா: அத்தையிடம் காட்டினேன். சிரிக்கிறார்கள். “மாவு போட்டு வைத்தால் வண்டு வந்தது, பாட்டுப் போட்டு வைக்கட்டும்” என்கிறார்கள். உன் தாத்தா மட்டும் பேசவில்லை.

ஜெயசிங்: ம்

எட்வின்: சம்படம் இருக்கட்டும். அந்த எவர்சில்வரைக் கிரவுண்டோடு இணைத்திருக்கிறாயா? இணைக்காத டப்பா ஷீல்டு ஆகாது, ஏரியல் ஆகிவிடும். இன்னொன்று, எவர்சில்வரில் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. டிரான்ஸ்பார்மரின் காந்தப் புலத்தை அது தடுக்கவும் செய்யாது. அடாப்டர் தள்ளியே இருக்க வேண்டும்.

எட்வின்: போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு 10 கே ரெசிஸ்டர் போட்டு வோல்ட்டேஜைப் பாதியாக்குகிறாயே, அந்த நடுப்புள்ளியில் என்ன கண்டன்சர்? பட்டாணி அளவில் ஏதோ மஞ்சளாகத் தெரிகிறது.

சாம்: 0.1 மைக்ரோஃபாரட். 47 போட வேண்டும் என்றுதான் இருந்தது. கையில் இல்லை.

எட்வின்: இதுதான் உன் ங்ங். அடாப்டரில் அழுக்கு இருப்பது ஊர் அறிந்தது. அந்த அழுக்கில் பாதியை நீயே நடுப்புள்ளி வழியாக இன்புட்டுக்குக் கொண்டுபோய் ஊட்டுகிறாய். டிஎல்072 தன் சப்ளை காலில் வரும் ரிப்பிளை ஓரளவு தள்ளிவிடும். இன்புட் காலில் வந்தால் அதற்கு அதுவும் பாட்டுத்தான். 0.1 போட்டால் 300 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் வடிகட்டும், 100 தாராளமாகப் போகும். 47 போட்டால் ஒரு ஹெர்ட்ஸுக்குக் கீழேயே பிடித்துவிடும். ஐம்பது காசு சமாசாரம்.

பிரின்சி: இப்போது ஐம்பது காசுக்கு எதுவும் கிடைக்காது மாமா

எட்வின்: அப்புறம் அடாப்டர் உள்ளே வரும் இடத்தில் 100 ஓம் ஒன்று தொடராகப் போடு, அதற்குப் பின்னால் 100 மைக்ரோ கிரவுண்டுக்கு. அது 16 ஹெர்ட்ஸில் வெட்டும், 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் ஆறில் ஒரு பங்காகிவிடும். அரை வோல்ட், ஒரு வோல்ட் குறையும், பரவாயில்லை. ஐசி காலடியில் 0.1 செராமிக். அந்த மஞ்சள் பட்டாணியை அங்கே மாற்றிக்கொள்.

ரூபி: வேன்???

தாமஸ்: பிரியாணி எத்தனை பேருக்குச் சொல்வது என்றும் யாராவது சொல்லுங்கள். நாளை காலை சமையல்காரர் கேட்பார்.

வியாழன், காலை

மேரி: சங்கீதம் 150. “தம்புரோடும் நடனத்தோடும் அவரைத் துதியுங்கள்.” இனிய காலை வணக்கம் 🙏

ரூபி: ஆமென்

ஸ்டெல்லா: ஆமென். பச்சைதான் என்று முடிவு செய்துவிட்டீர்களா?

சாம்: ஐசி எழுத்தைப் பார்த்தேன். வெறும் 7660. பின்னால் எஸ் இல்லை.

எட்வின்: எஸ் இருந்தால் என்ன?

பிரின்சி: எஸ் உள்ளதில் ஒன்றாம் காலை எட்டோடு இணைத்தால் ஆட்டம் பத்தாயிரத்திலிருந்து 35 ஆயிரமாகும் மாமா. மனுஷன் காதுக்கு எட்டாது. பழைய 7660-இல் ஒன்றாம் கால் வெறும் கால், உள்ளே எதனோடும் இணைப்பே இல்லை. இணைத்தாலும் ஒன்றும் நடக்காது.

எட்வின்: நல்லது. இது எனக்குப் புதிது.

டேவிட் துபாய்: ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறேன்

சாம்: எஸ் உள்ளது இங்கே ஜங்ஷன் கடையில் இல்லை. சென்னை ரிச்சி தெருவிலிருந்து வர மூன்று நாளாவது ஆகும்.

டேவிட் துபாய்: ஐசோலேட்டட் சப்ளை நல்லதாக ஒன்று நான் வாங்கி அனுப்பவா? எட்டு அவுட்லெட், ஒவ்வொன்றும் தனித்தனி

ஸ்டெல்லா: ஆளை அனுப்பு போதும்.

பிரின்சி: அத்தான், அந்த ஐசி சாக்கெட்டில்தானே இருக்கிறது? பிடுங்கிவிடு. 9 வோல்ட், இரண்டு மடங்காக்க அதோடு போட்ட இரண்டு டையோடு வழியாகவே போய்விடும். எட்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். நம் பாட்டுக்கு ஸ்லாப் எதற்கு? விசிலும் போகும், பேட்டரியில் இரண்டு மணி நேர ஆராதனை தாராளமாக ஓடும்.

சாம்: இரண்டாவது பாட்டில் ஒரு இடத்தில் ஸ்லாப் வைத்திருக்கிறேன்

மேரி: எந்தப் பாட்டில்? ஐயர் என்ன சொல்வாரோ

எட்வின்: பேட்டரி தற்காலிகம். நான் 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர், 7809 என்கிற 9 வோல்ட் ரெகுலேட்டர் வைத்து ஒரு சப்ளை செய்து தருகிறேன். பெடலுக்கு மட்டும், கீபோர்டுக்குப் பங்கு கிடையாது. 7809-க்கு இன்புட் 11-க்குக் கீழே போகக் கூடாது, அதனால் கீபோர்டு அடாப்டரில் அது உட்காராது. ஒரு மாலை வேலை. என் டிரங்குப் பெட்டி மட்டும் மோட்டார் ரூமில் இருக்கிறது.

ரூபி: மோட்டார் ரூமா

தாமஸ்: அதுவும் வந்துவிட்டதா

எட்வின்: சாம், சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கேட்டு வாங்கி வா.

சாம்: பெரியப்பா, அப்பாவும் இதே குழுவில்தான் இருக்கிறார்

ஜெயசிங்: சாவி ஆணியில் தொங்குகிறது. யாரும் ஒளித்து வைக்கவில்லை.

எட்வின்: நான் ஒளித்து வைத்ததாகச் சொல்லவில்லை.

ஜெயசிங்: சரி

மேரி: இரண்டு பேரும் சனிக்கிழமை அப்பா பக்கத்தில் ஒன்றாக நிற்க வேண்டும். இப்போதே சொல்லிவிட்டேன்.

ஜெயசிங்: அந்தப் பெட்டியில் சால்டரிங் அயர்ன் இல்லை. போன மழைக்கு முன்பே எடுத்து வீட்டுக்குள் வைத்தேன். துருப்பிடிக்கும் என்று.

எட்வின்: சரி. சாயங்காலம் அங்கே வருகிறேன்.

ஸ்டெல்லா: எத்தனை மணிக்கு? நானும் வருவேன், சேலை பார்க்க வேண்டும்.

சாம்: அப்போது பேட்டரியா, சப்ளையா? எது என்று தெரிந்தால் கடைக்குப் போகும்போது வாங்கி வருவேன்.

பிரின்சி: பேட்டரி

எட்வின்: இரண்டையும் வாங்கு. 47 மைக்ரோ இரண்டு, 25 வோல்ட். 16 வோல்ட் கொடுத்தால் வாங்காதே. 7809 ஒன்று. 100 ஓம்

தாமஸ்: பிரியாணி 80 என்று சொல்லிவிட்டேன். குறைந்தால் என்னைக் கேட்கக் கூடாது.

ரூபி: 80 போதாது. துதி வீட்டார் மட்டுமே 12 பேர்.

மேரி: துதி வீட்டை யார் அழைத்தது?